மூணுவரிக்காரர் படித்த முழுப் புத்தகம்

அத்தான் இறந்த மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், ஆறுதலாக ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வரி சொன்னார்கள். அந்தப் புத்தகங்களை அவர்களில் யாரும் படித்ததில்லை. எல்லோரும் அத்தான் கடையில் கோப்பை வாங்கியவர்கள்.

வங்கி மேலாளர் அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மழை நின்றுவிடும்மா" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசற்படியிலேயே, "பயப்படாதீங்க, அவர் இங்கேதான் இருக்கார்" என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினாள். டீ போடுகிற சாக்கில் சமையலறைக்கு வந்தவள், என் காதருகே குனிந்து, "எல்லாரும் பாதிப் பாதியாவே சொல்றாங்கடி" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடித்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்று அழுதாள்.

மீதிப் பாதி எங்களுக்குத் தெரியும். வங்கி மேலாளர் சொன்னது ஒரு நாவலில் வருகிற வரி. அதில் அது, "மழை நின்றுவிடும், கூரை ஒழுகுவதுதான் நிற்காது" என்று முடியும். கண்ணாடிக்கடைக்காரர் சொன்னது இன்னும் மோசம். "பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பது ஒரு துப்பறியும் கதையில், பீரோவுக்குள் ஒளிந்திருக்கிற கொலைகாரன் சொல்வது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகளில் பலர் அந்த வரி அச்சடித்த போர்வையில் சுற்றப்பட்டுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

பாதியை வெட்டியது அத்தான்தான். அதைத் துக்க வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாவி செய்கிற கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும். கோப்பை, பனியன், தலையணை உறை, சுவர்க்கடிகாரம் என்று எதைக் கொடுத்தாலும் அதில் எழுத்தையும் படத்தையும் ஏற்றித் தருவார். முதலில் எழுத்தைத் தனித்தாளில் அச்சடிப்பார். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் இடவலம் மாறி இருக்கும். அந்தத் தாளைக் கோப்பையைச் சுற்றி இறுக்கி ஒட்டி, சூடு கொடுக்கிற இயந்திரத்தின் வாய்க்குள் வைத்து அழுத்துவார். கீச்சென்று சத்தம் வந்ததும் எடுத்துத் தாளை உரித்தால், வரி கோப்பைக்கு வந்திருக்கும்.

அந்த இயந்திரத்தில் கோப்பையைச் சுற்றிப் பிடிக்கிற சூட்டுப் பட்டை கைப்பிடிவரை எட்டாது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் வெறும் வெள்ளையாகத்தான் நிற்கும். அதனால் ஒரு கோப்பைக்கு மூன்று வரி, வரிக்கு இரண்டு சொல், அவ்வளவுதான் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அதற்கு மேல் போனால் எழுத்து சின்னதாகிவிடும். "கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எவன் வாங்குவான்? அதுக்குப் பேசாம பக்கத்துக் கடையில கண்ணாடி வாங்கிட்டுப் போயிடுவான்" என்பார். ஆகவே யார் எவ்வளவு நீளமான வரியை எழுதிக்கொண்டு வந்தாலும், அத்தான் அதைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வாலை நறுக்கிவிடுவார். நறுக்கியது நன்றாக விற்றால் கடை முகப்பிலும் அடுக்கிவிடுவார். ஊரில் அவருக்கு மூணுவரிக்காரர் என்று பெயர் வந்தது இப்படித்தான். சாவிக்கடைக்காரர் மட்டும் அவரைக் கூப்பிடுவது "யோவ், கத்திரி!"

இவ்வளவு வரிகளை ஊருக்குக் கொடுத்தவர் ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பற்றிக் கேட்டால், "அது படிச்சது இல்ல, பட்டது" என்பார்.

நான் அக்காவின் தங்கை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பு. வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் நான்தான் என்பதால் அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "படிச்சவங்க" என்பார். "படிச்சவங்களே, கொஞ்சம் உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க." நான் எதையாவது வாசித்துக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்து, "ஏதாவது தேறுமா?" என்று கேட்பார். கோப்பைக்குத் தேறுமா என்று அர்த்தம்.

ஒருமுறை கேட்டேன். "அத்தான், ஒண்ணையாவது முழுசா படிச்சுப் பாருங்களேன்."

"வேண்டாம்மா. முழுசா படிச்சா கடைசியில ஏதாவது கெட்டது நடந்திருக்கும். அப்புறம் எனக்கு அச்சடிக்கவே கை வராது."

"கதையில ஒரு திருடன் சொல்றதை நீங்க வாழ்த்து மாதிரி விக்கறீங்க."

"திருடன் சொன்னா என்ன? நல்லா சொல்லியிருக்கான்ல?"

உண்மையில் நானும் அப்படித்தான். படித்த புத்தகங்களில் எனக்கு மிஞ்சியிருப்பது புத்தகத்துக்கு ஒரு வரி. யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று கேட்டால் விழிப்பேன். அந்தந்த நாளில் நமக்குள்ளே ஏதோ ஒரு வேலை காலியாக இருக்கிறது. ஒரு வரி வந்து அதில் சேர்ந்துகொள்கிறது. அதற்கு முன்னால் அது எங்கே வேலை பார்த்தது, எதற்காக வெளியே அனுப்பினார்கள் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

அத்தான் கடையில் எல்லாவற்றையும்விட அதிகம் போன கோப்பை, "அன்பு காத்திருக்கும்" என்பது. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை போட்டவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் பெட்டியோடு வருகிறவர்கள், வண்டி கிளம்ப நேரம் இருந்தால் ஒன்று வாங்கி, வழியனுப்ப வந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள். யாரோ எப்போதோ ஒரு நாவலிலிருந்து எழுதிக்கொண்டு வந்த வரி. அத்தான் வழக்கம்போல நறுக்கியிருந்தார். மீதி என்ன என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அப்பாவைப் போலவே வளர்த்திக் கம்மி, வாய் அதிகம். அவளோடு படித்த ஒருவனுக்கு வேறு தேசத்தில் வேலை கிடைத்தது. அவனும் கிளம்புகிற நாளில் அத்தான் கடைக்குத்தான் வந்தான். கோப்பையை எடுத்தான். அத்தானுக்கு அவன் யாரென்று தெரியாது. "யாருக்குப்பா?" என்று வேறு கேட்டிருக்கிறார். அவன் வெட்கப்பட்டதைப் பார்த்து மனம் இளகி, விலையைக் குறைத்து, பளபளப்பான தாளில் சுற்றிக் கொடுத்து, "நல்லபடியா போயிட்டு வா" என்று வாழ்த்தியும் அனுப்பியிருக்கிறார். அன்று மாலை அந்தக் கோப்பை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மகள் கொண்டுவந்தாள். கடையிலிருந்து தானே எடுத்து வந்திருப்பாள் என்று நினைத்தார்.

விஷயம் தெரிந்தது கண்ணாடிக்கடைக்காரரால். அவர் தன் அக்கா மகனுக்கு இவளைக் கேட்டார். பையன் நல்லவன், சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான், பார்வையும் சரியாக இருக்கிறது என்று அவருடைய தொழில்முறையில் ஒரு சான்றும் கொடுத்தார். அத்தானுக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். அவள் எழுந்து போய் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"படிங்க."

"நான் அச்சடிச்சதை நானே படிக்கணுமா?"

"ஆமா. நீங்க அச்சடிச்சதுதானே? ஒருத்தன் போயிருக்கான். நான் காத்திருக்கேன். அவ்வளவுதான்."

அத்தான் கோப்பையை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார். எழுத்து பிசிறில்லாமல் வந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பையனின் பேச்சை எடுத்தாலும் அந்தக் கோப்பை மேஜைக்கு வந்துவிடும். பேச்சும் அதோடு முடியும். இப்படியே ஒரு வருஷம் போய், அடுத்ததும் வந்து, அதுவும் போனது. போனவன் வருவதாகத் தெரியவில்லை. அத்தான் கடையில் உட்கார்ந்து அதே வரியை அடுத்தவர்களுக்கு அச்சடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை இயந்திரம் கீச்சிடும்போதும் தன் மகள் முகம்தான் தெரிகிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "அந்தப் பயல் வாயால சொல்லியிருந்தா இதுக்குள்ள மறந்திருப்பா. நான்தானே அழியாத மையில போட்டுக் குடுத்தேன்? பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சாக்கூடப் போகாதே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"படிச்சவங்களே, அந்த வரி எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"எந்த வரி?"

"எல்லாம் அதுதான். அந்தக் கதையில ஒருத்தன் போறான்ல? திரும்பி வர்றானா?"

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. விசாரித்து, நூலகத்தில் தேடிப் பிடித்தேன். தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம். நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். அலுவலகத்தில் வருஷக் கடைசி வேலை, கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொன்னேன். அத்தான் புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"பொறுக்கற வேலையெல்லாம் வீட்டில ஒரு ஆள் பார்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் படிக்க ஆரம்பித்தது எங்கள் தெருவுக்கே ஒரு சம்பவம். சாவிக்கடைக்காரர், "யோவ் கத்திரி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வந்து கேட்டுவிட்டுப் போனார். வாடிக்கையாளர் வந்தால் அத்தான் ஒரு விரலைப் புத்தகத்துக்குள் விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் வியாபாரம் பார்த்தார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"இந்தத் தபால்காரன் போன அத்தியாயத்திலயே செத்துட்டானே? மறுபடி எப்படி வர்றான்?"

"அது நடந்த கதையைச் சொல்றாங்க அத்தான். அவன் உயிரோட இருந்தப்போ நடந்தது."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் சும்மா அவனுக்காக ஒரு நாள் வருத்தப்பட்டுட்டேன்."

இன்னொரு நாள்: "இந்த ஆள் ஒரு மழையை மூணு பக்கம் எழுதறான். மழை பெய்யுதுன்னா போதாதா? நானா இருந்தா ஒரே சொல்லுல முடிச்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் மூணு பக்கமும் படிச்சீங்க?"

"நடுவுல எங்கேயாவது நம்ம வரி இருந்துட்டா?"

அவர் படித்தது கதையை இல்லை. வீட்டுக்குள் தொலைந்த சாவியைத் தேடுகிறவர்போல ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். ஆனால் தேடிக்கொண்டே போகிறவருக்கு வழியில் கிடப்பதும் கண்ணில் படத்தானே செய்யும்? சில நாள் சாப்பிடும்போது திடீரென்று, "பாவம், அந்த மூத்த மருமக" என்பார். அக்கா பதறிப்போய், "யாரு வீட்டு மருமக?" என்பாள். புத்தகத்து மருமகள்.

புத்தகத்தின் பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வரி அகப்பட்டது. அன்றைக்கு மதியமே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அலுவலக விடுமுறை. மாடிப்படி ஏறி வந்தவரின் முகத்தைப் பார்த்து, கடையில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். புத்தகத்தை விரித்து நீட்டினார். பக்கத்தின் மூலையை மடித்திருந்தார். நூலகப் புத்தகம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த வரியைப் பார்த்தேன்.

"அன்பு காத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், காத்திருக்கிற வேலையை ஒருபோதும் தாங்கள் எடுத்துக்கொள்வதில்லை."

கதையில் இதைச் சொல்வது அந்த மூத்த மருமகள்தான். துணி உலர்த்திக்கொண்டே சொல்கிறாள்.

"பாத்தியா?" என்றார் அத்தான். எப்போதும் வருகிற கிண்டல் மரியாதை அன்றைக்கு வரவில்லை. "போறவனைத் திட்டறதுக்காக அந்தப் பொம்பளை சொன்னது. நான் அதை வெட்டி, போறவன் கையிலேயே குடுத்திருக்கேன். எத்தனை பேர் கையில குடுத்தேனோ. கடைசியில என் வீட்டுக்கே வந்துடுச்சு."

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

"வெட்டினது நான்தானே? யாரோ முழுசாத்தான் எழுதிக்கொண்டு வந்திருப்பாங்க. வால் நீளமா இருக்குன்னு நறுக்கியிருப்பேன். விஷயமே வாலுலதான் இருந்திருக்கு."

முழு வரியையும் மகளுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்லப் பார்த்தார். மறுநாள் ஒரு கோப்பையில் மொத்தத்தையும் பொடி எழுத்தில் ஏற்றினார். கடைசிச் சொல் கைப்பிடிப் பக்கத்து வெள்ளையில் விழுந்து பதியாமலே போய்விட்டது. இன்னும் பொடியாக்கிப் பார்த்தார். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பெரிய தட்டில் முயன்றார். சாப்பிடுகிற தட்டில் இதை வைத்து எந்த அப்பனாவது மகளுக்குப் பரிமாறுவானா என்று அவருக்கே தோன்றிவிட்டது. கடைசியில் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டு மேஜையில் நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். மகள் வேலையிலிருந்து வந்த களைப்பில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தொண்டையைச் செருமி, வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட மாணவனைப்போல அந்த வரியைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்பா" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"இந்த வரி. முழுசாவே தெரியும். காலேஜ்ல எங்களுக்குப் பாடமா இருந்தது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன்.

"தெரிஞ்சிருந்துமா அந்தக் கப்பைக் கொண்டாந்து கொண்டாந்து என் முன்னாடி வெச்சே?"

"நீங்க பாதிதானே அச்சடிச்சிருந்தீங்க? இருக்கறதைத்தானே காட்ட முடியும்?"

"இங்க பாரும்மா. அவன் வர்றப்போ வரட்டும். ஆனா நீ இப்படியே..."

"அவன் வர மாட்டான்பா. அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டான். போன வருஷமே."

அக்கா தண்ணீர்க் குவளையை அத்தான் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவள் நகர்த்திய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்டச் சொல்லலியே?"

"உங்ககிட்டச் சொன்னா சாவிக்கடைக்குத் தெரியும். சாவிக்கடைக்குத் தெரிஞ்சா பஸ் ஏற வர்றவனுக்கெல்லாம் தெரியும்."

எனக்கும் தெரியாது. ஆக அந்த மேஜையில் புத்தகத்தைத் தேடிப் பிடித்துத் தெரிந்துகொண்ட இரண்டு பேர் மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"அப்புறம் எதுக்குடி காத்திருக்கேன் காத்திருக்கேன்னு?"

"இல்லேன்னா கண்ணாடிக்கடை மாமா அவரோட அக்கா பையனைக் கொண்டாந்து நிறுத்துவார். அவன் இல்லேன்னா வேற யாராவது. வேண்டாம்னு சொன்னா ஏன், எதுக்குன்னு ஆயிரம் கேள்வி. காத்திருக்கேன்னு சொன்னா எல்லாரும் வாயை மூடிக்கறாங்க. பாவமாவும் பாக்கறாங்க. தாழ்ப்பாள் மாதிரி நல்லா வேலை செஞ்சுதுப்பா உங்க வரி."

அத்தான் புத்தகத்தை மூடினார். அவருடைய முகத்தில் இறங்கிய நிம்மதியை நான் பார்த்தேன். அதன் பின்னாலேயே ஒரு சின்ன வருத்தமும் வந்தது. ஒரு வரியை வைத்து மகள் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோம் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, அவள் அந்த வரியைக் கதவுக்குப் போட்டு வைத்திருந்தாள் என்பது கொஞ்சம் மரியாதைக் குறைவாகவும் பட்டிருக்கும்.

"அப்ப நீ காத்திருக்கவே இல்லையா?"

இதை அவர் கேட்காமலேயே இருந்திருக்கலாம். அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் வருஷம் காத்திருந்தேன். நிஜமாவே. வேலை முடிஞ்சு வந்தா அந்தக் கப்பிலதான் காப்பி குடிப்பேன். அது சொல்றதை நம்பினேன். முழு வரியும் தெரிஞ்சவதான், பரீட்சையில அதுக்கு விளக்கமெல்லாம் எழுதியிருக்கேன். ஆனா காப்பி குடிக்கிறப்போ பாதிதான் ஞாபகத்துக்கு வந்தது."

வாழ்நாளெல்லாம் வரிகளை நறுக்கிய அத்தானுக்கு, தான் நறுக்காவிட்டாலும் மனிதர்கள் தாங்களே நறுக்கிக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

"அந்த ஒரு வருஷத்துக்கு நான் என்னம்மா பண்றது?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

அவள் பிறகு கல்யாணம் செய்துகொண்டாளா, இல்லையா என்பது அவள் கதை. தாழ்ப்பாளைப் பற்றிக் கண்ணாடிக்கடைக்காரரிடம் அத்தான் கடைசிவரை மூச்சு விடவில்லை. அவரால் காப்பாற்ற முடிந்த ஒரே ரகசியம் அதுதான் என்று அக்கா சொல்வாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கேட்டபோது அத்தான் தரவில்லை. "இருக்கட்டும், இன்னும் கொஞ்சம்தான்" என்றார். வேலை முடிந்துபோன ஒரு புத்தகத்தை எதற்காகப் படிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் சிரித்து மழுப்பினார். ஒரு நாள் மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்று, கீழிருந்தே குரல் கொடுத்தார்.

"படிச்சவங்களே! வர்றான்!"

"யாரு அத்தான்?"

"அந்தப் பயல். கடைசி அத்தியாயத்துல வர்றான். கை நிறைய சாமான் வேற."

"அந்த மருமக?"

"அவ வீட்டை மாத்திட்டுப் போயிட்டா. இவன் வாசல்ல நிக்கறான். உள்ளேயிருந்து வேற யாரோ ஒரு குழந்தை எட்டிப் பாத்து, யாரு வேணும்னு கேக்குது. அதோட முடிச்சுட்டான் அந்த ஆளு. இதுக்கா இத்தனை பக்கம்?" என்று சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

அவர் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அது. இன்னொன்று கொண்டுவரட்டுமா என்றதற்கு, ஒன்றுக்கே இந்தப் பாடு போதும் என்று கும்பிட்டார். கடையில் மற்ற வரிகள் எப்போதும்போலப் போய்க்கொண்டிருந்தன. கொலைகாரன் குழந்தைப் போர்வையில் தொடர்ந்தான். மழையும் நின்றுகொண்டேயிருந்தது. "அன்பு காத்திருக்கும்" கோப்பைக்கு மட்டும் அத்தான் ஒரு விதி போட்டார். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு அதைத் தர மாட்டார். இருக்கப்போகிறவர்கள் வந்து கேட்டால் தருவார்.

இருக்கப்போகிறவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை.

அவர் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மதியச் சாப்பாட்டைக் கொடுக்க நான் கடைக்குப் போயிருந்தேன். முதுகில் பையும் கையில் பெட்டியுமாக ஒருவன் வந்து அந்தக் கோப்பையைக் காட்டினான்.

"போறது யாரு?" என்றார் அத்தான்.

"நான்தான்."

"எப்போ வருவே?"

"அது... பாக்கணும்."

"அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வா. அது கேட்டாத் தர்றேன்."

"காசு குடுக்கறேன்ல சார்? கப்புதானே?"

"கப்பு வேணும்னா எடுத்துக்கோ. வெறும் கப்பு அதோ இருக்கு, காசே வேண்டாம். வரியைத் தர மாட்டேன்."

அவன் அத்தானை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், இவருக்குச் சரியில்லையா என்று கேட்பதுபோல. கிளம்பப்போகிற வண்டியின் ஹாரன் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து ஓடினான். பேருந்து நிலைய வாசலிலேயே புதிதாக ஒரு கடை வந்திருந்தது. அத்தானின் வரிகள் எல்லாம் அங்கேயும் இருந்தன, அவர் நறுக்கிய அதே இடத்தில் நறுக்கப்பட்டு. அவன் ஒன்றை வாங்கி, தூணருகே நின்றிருந்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

அத்தான் கல்லாவின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பெண் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து நம்மளைவிடப் பெரிசா போட்டிருக்கான்" என்றார்.